கம்பில் கட்டிய முடி

2 யூன் 2006
ஒஸ்லோ ரொம்சோசில் வீட்டிலிருந்து மாரிடாலன் பண்ணைக்கு வரும் வரைக்கும் மழை. புல் இன்னும் பதத்துக்கு வரவில்லை. நாள் முழுக்கப் புல்வெட்டியின் கத்திகளை மாற்றி, கிறீஸ் பூசி, கை இரண்டும் கறுப்பு. பண்ணைக்காரர் ஐவின் வந்து பார்த்துவிட்டு, "முதல் வெட்டு ஒழுங்காக முடியட்டும் உதயகுமாரி, பிறகு நிரந்தர வேலை பற்றிக் கதைப்போம்" என்றார். கிடைத்தால் முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கும் வேலையை அன்றைக்கே விடுவேன். டிராக்டரில் ஏறி இருக்கும்போதுதான் நான் ஓர் ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் இவருக்கு அது விளங்காது. "ட்ராக்டர்காரி வந்திட்டா" என்று பிள்ளைகளுக்கு முன்னால் பகிடி.

7 யூன்
தமிழ்க்கடையில் குலசேகரம் அண்ணையைக் கண்டேன். போன வருடம் வரைக்கும் ஐவினிடம் டிராக்டர் ஓடியவர். முதுகு வருத்தம் என்று வேலையை விட்டவர். தோளில் ஓர் அரிசி மூட்டை, கையில் இன்னொன்று.

"முதுகு எப்பிடி அண்ணை?"

"பரவாயில்லை தங்கச்சி" என்று என் முகத்தைப் பார்க்காமல் பருப்பு அடுக்கைப் பார்த்தார். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமேன்? ஐவினிடம் என் பெயரைச் சொன்னவரே அவர்தான். நல்ல வேலையை ஒருவர் தூக்கி மற்றவருக்குக் கொடுப்பாரா?

11 யூன்
அண்ணை எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார். "எப்ப வெட்டுறியள்? எந்தப் பக்கம் முதல்?"

வியாழக்கிழமை, ஏரிக்கரைப் புல்வெளி என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் யோசனை. விட்ட வேலையைப் பற்றி இவருக்கு என்ன விசாரணை? நான் பிழைவிட வேண்டும், ஐவின் திரும்பவும் தன்னைக் கூப்பிட வேண்டும் — அதுதானோ?

13 யூன்
வேலை முடிந்து வரும்போது ஏரிக்கரை வீதியோரம் அவருடைய நீலக் கார் நின்றது. உள்ளே ஆளில்லை. இவரிடம் சொன்னேன். "மீன் பிடிக்க வந்திருப்பார்" என்றார். மீன் பிடிக்கத் தடை உள்ள குடிதண்ணீர் ஏரியில் மீன் பிடிக்க வந்தாராம். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் இவருக்கு நல்லவர்கள், நான் மட்டும்தான் சந்தேகக்காரி.

14 யூன்
இப்போதே எழுதிவிட வேண்டும்.

நாளைக்கு வெட்டும் புல்வெளியில் கல் கிடக்கிறதா என்று பார்க்கப் பின்நேரம் போனேன். ஓரம் முழுக்கக் கம்புகள் நட்டுக் கிடந்தன. ஒவ்வொரு கம்பிலும் ஒரு நைலோன் காலுறை, முடிச்சுப் போட்டு, உள்ளே எதையோ அடைத்து. ஒன்றைப் பிரித்தேன். தலைமுடி.

கறுப்பு முடி. நரையில் மருதோண்டி போட்ட முடி. ஐவினுக்கும் அவர் மனுசிக்கும் வைக்கோல் நிறத்தில் முடி. இந்தப் பள்ளத்தாக்கில் என்னைத் தவிர ஆருக்குக் கறுப்பு முடி?

பிறகுதான் நினைவு வந்தது. குலசேகரம் அண்ணையின் மனைவி சிறிதேவியக்கா முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறா. போன மாதம் அங்கேதான் நுனி வெட்டினேன். என்ரை முடியும் இதுக்குள்ளை கிடக்கு. செய்வினைக்கு வேற என்ன வேணும்? நாளைக்கு இந்த இடத்திலை மெசின் பிரளும், இல்லாட்டி என்ரை கை போகும்.

ஏரியில் எறியலாம் என்றால் அது ஒஸ்லோ முழுக்கக் குடிக்கும் தண்ணீர். எல்லாக் கம்பையும் பிடுங்கி, காலுறைகளை மெசின் கொட்டிலுக்குப் பின்னால் போட்டு எரித்தேன். அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து டிராக்டருக்கு நாவூறு கழித்தேன். அந்த நேரம் ஐவின் வராதது என் நல்ல காலம்.

15 யூன்
டிராக்டரின் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதான் புறப்பட்டேன். மெசினுக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது சுற்றில் ஒரு சின்ன அதிர்வு. கல் என்று நினைத்தேன். கல் கத்தாது.

மான்குட்டி. முதுகில் வெள்ளைப் புள்ளி. கால்கள் — எழுத ஏலாது. ஐவின் துவக்கோடு வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். தாய் காட்டோரத்தில் நின்றது. போகவில்லை.

16 யூன்
ஐவின் கோப்பி ஊற்றித் தந்தார். "உன் பிழை இல்லை. மெசின் சத்தம் கேட்டாலும் குட்டி ஓடாது, புல்லுக்குள் படுத்தே கிடக்கும். போன வருடம் குலசேகரத்துக்கும் இதேதான். அன்றைக்கே சாவியைத் தந்துவிட்டுப் போனான்."

"முதுகு வருத்தம் என்றாரே?"

"எந்த முதுகு?"

அவர் தொடர்ந்து சொன்னார். "வெட்டுவதற்கு முதல்நாள் மனித முடியைக் கட்டிவிட்டால், அந்த மணத்துக்குத் தாய் குட்டியைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும். இந்த வருடம் தானே வந்து கட்டுகிறேன் என்று செவ்வாய்க்கிழமை இடமும் பார்த்துவிட்டுப் போனான். ஏன் கட்டவில்லையோ தெரியாது."

கோப்பியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

17 யூன்
அண்ணை ஃபோன் எடுத்தார். "குட்டியைப் பற்றி ஐவின் சொன்னவர். கட்டின முடி காத்துக்குக் கழண்டு போச்சுதாக்கும். நான் இறுக்கிக் கட்டேல்லைப் போல. என்ரை பிழை தங்கச்சி. நீங்கள் யோசியாதையுங்கோ."

"ஓம் அண்ணை" என்றேன். ஓம் என்று சொன்ன வாயை என்ன செய்ய?

18 யூன்
சோறு இறங்கவில்லை. இவர் கேட்காமலே தேத்தண்ணி போட்டுத் தந்தார். என்னத்துக்கோ.

20 யூன்
சிறிதேவியக்காவின் கடைக்குப் போனேன். அண்ணை நிலம் கூட்டிக்கொண்டு நின்றார். கதிரையில் இருந்து கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை.

"காத்தில்லை அண்ணை. நான்தான் பிடுங்கி எரிச்சனான்."

"ஏன்?"

"செய்வினையெண்டு நினைச்சன்."

"ஆர் செய்ததெண்டு?"

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. தும்புத்தடியில் ஒட்டியிருந்த முடியைக் கையால் எடுத்தார். "மான்குட்டி செத்த கதையைச் சொன்னால் பயந்து மெசினிலை ஏறமாட்டியள் எண்டுதான் சொல்லாமல் விட்டனான். உங்களோடை எனக்கு என்ன கோவம்?" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நுனியோ?" என்று அக்கா கேட்டா. இடுப்பைத் தாண்டிய முடி. தோளோடு வெட்டச் சொன்னேன். அக்கா வெட்டினா. அண்ணை நிலத்தில் விழுந்ததை எல்லாம் கூட்டி அள்ளி, பையில் போட்டு என்னிடம் தந்தார்.

22 யூன்
நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். சந்தோசம் வரவில்லை.

23 யூன்
நாளைக்குக் காட்டோரப் புல்வெளி. பின்நேரம் நானும் அண்ணையும் கம்பு நட்டோம். கட்டியது முழுக்க என் முடி. நான் கட்டிய முடிச்சுகளை அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். என் மேல் அவருக்கு இனி அவ்வளவுதான் நம்பிக்கை. அது நியாயம்.

எங்கோ சங்க்ட்ஹான்ஸ் நடுக்கோடைத் திருநாளுக்கு நெருப்பு மூட்டியிருந்தார்கள். புகை மணந்தவுடன் கார்க் கண்ணாடியை உயர்த்தினேன். காருக்குள் இருந்து பார்த்தோம். வெளிச்சம் குறையாத நேரத்திலேயே புல் அசைந்தது. தாய் மூக்கை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் இரண்டு சின்னக் காதுகள். தாயும் குட்டியும் காட்டுக்குள் போய் மறைந்தன.

அண்ணை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "காணும், போவம்" என்றார்.

கார் ஏரிக்கரைப் புல்வெளியைத் தாண்டித்தான் வர வேண்டும். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வெட்டிய புல்லுக்கு நடுவில், அன்றைக்குச் சத்தம் வந்த இடத்தில், மற்றத் தாய் நின்றது.