கேனில் ஒட்டிய உன் முகம்

என் செல்லத் தம்பி அந்தோணிக்கு,

உன் மகன் அருள் உனக்கு அநியாயம் செய்துவிட்டான். உன் கண்ணீர் அஞ்சலி பேனரில் போட்ட அதே படத்தை உரக் கரைசல் கேன்களில் ஒட்டி, கடை கடையாக விற்றிருக்கிறான். அத்தனையும் கெட்டுப்போன கரைசல். விற்றது ஊரறிய. அதனால் நானும் ஊரறியவே சொல்கிறேன்.

நாம் இருவரும் யாரிடமும் படிக்காமல், கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்ட வேலை அது. மக்கிய உரத்தைத் துணியில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு கை வெல்லம் போட்டு, மீன்தொட்டி மோட்டாரை வைத்து நாள் முழுக்கக் காற்று ஊதுவோம். மோட்டாரை நிறுத்தினால் உள்ளே பெருகிய நுண்ணுயிர் காற்றில்லாமல் செத்துவிடும்; அன்றைக்கே செடிக்கு ஊற்றிவிட வேண்டும். நீ குனிந்து முகர்வாய். மழை பெய்த மண்ணாக மணந்தால் தோட்டத்துக்கு. சாக்கடையாக நாறினால் குழிக்கு. புது உரம் என்றால் சோதித்துப் பார்க்க முதல் வாளி தக்காளி நாற்றுக்குத்தான்.

அதைத்தான் அருள் கேனில் அடைத்து இறுக்கி மூடினான். நிலக்கோட்டை பஸ்ஸில், பூக்கூடைகளுக்கு நடுவே ஒரு கேன் உப்பி வெடித்ததாம். கண்டக்டர் வைத வசவு நம் அப்பா வரைக்கும் போனதாம்.

"ஏலே, உசுருள்ளதப் போட்டு மூடுனா என்னலே ஆகும்? ஒன்னயப் போட்டு மூடட்டா?" என்றேன்.

"கேன்ல குடுத்தாத்தான் சனம் வாங்குது அத்தே. ஒங்க மூக்க நம்பி யாவாரம் பண்ண முடியுமா?"

பிறகு மல்லிகைத் தோட்டக்காரி லூர்துமேரி வந்தாள். கேன் கரைசல் தெளித்த செடிகளில் கொழுந்து கருகி, அரும்பெல்லாம் உதிர்ந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "அண்ணன் மொகத்தப் பாத்துத்தேன் வாங்குனேன் அக்கா" என்றாள். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

அவளிடம் மிச்சமிருந்த கேனை வாங்கிவந்து ஒரு தட்டு நாற்றுக்கு ஊற்றினேன். பக்கத்துத் தட்டுக்கு நான் புதிதாக ஊதியது. கேன் ஊற்றிய நாற்று துவண்டு விழுந்தது. இரண்டு தட்டையும் அருள் முன்னால் வைத்தேன். "வெயிலு அத்தே" என்றான். பக்கத்துத் தட்டு என்ன, கொடைக்கானலிலா இருந்தது?

நீ இருந்திருந்தால் அவனை அறைந்திருப்பாயா? இல்லை, பிள்ளை பிழைக்கட்டும் என்று விட்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை அப்பு. தெரியாவிட்டாலும் விடமாட்டேன்.

கடைகளில் கிடக்கும் கேன்களை அருள் திரும்ப எடுத்து, உன் படத்தை உரித்துவிட்டு, உள்ளே இருப்பதைக் குழியில் கொட்ட வேண்டும். அதுவரை கடைக்காரர்கள் ஒரு கேன்கூட விற்கக் கூடாது. லூர்துமேரி வாசலில் அவனே போய் நின்று, கெட்டது தன்னால்தான் என்று சொல்ல வேண்டும். கருகிய கிளைகளை வெட்டிவிடுவதும் அவன் கையால்தான். நான் புதுக் கரைசல் ஊதி, முகர்ந்து, ஒரே ஒரு செடிக்கு ஊற்றுவேன். அது தளிர்த்தால் மற்றவற்றுக்கு. உன் வருச நினைவுப் பூசைக்கு மாலை அவள் தோட்டத்துப் பூவில்தான். அது பூக்காவிட்டால் உன் படம் வெறுமனே இருக்கட்டும். வேறு பூ வாங்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சூசையம்மா அக்கா