தட்டில் வைக்காத கீரை

என் மூத்த பெண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. இப்போதைக்குப் பாதி நலம் என்று வைத்துக்கொள். வலது பக்கம் நான் சொன்னதைக் கேட்கிறது. இடது பக்கம் பத்தாம் வகுப்பில் உன் தம்பி இருந்த மாதிரி இருக்கிறது. கூப்பிட்டால் வரும், ஆனால் உடனே வராது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழு நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் நாக்கு பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறது. நீ அந்தப் பக்கம் "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. அதோடு, நான் சொல்ல வந்தது உன் அம்மா காதில் விழக்கூடாது. எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவதாகச் சின்னவன் சொன்னான். வேண்டாம், தபாலிலேயே போகட்டும் என்றேன். சில சங்கதிகள் வழியில் கொஞ்சம் ஆறினால் நல்லது.

கடையின் பின்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சின்னவன் வேலைக்குப் போகிற வழியில் என்னை இங்கே இறக்கிவிட்டுப் போகிறான். கடையை இப்போது உன் மாமாதான் பார்த்துக்கொள்கிறார். மூக்குக் கண்ணாடி வேலைக்கு இரண்டு கையும் வேண்டும் என்பது இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சட்டத்தைப் பிடிக்க ஒரு கை, அந்தக் கடுகளவு திருகாணியைத் திருப்ப ஒரு கை. அதனால் வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எந்த வரி தெரிகிறது என்று கேட்கிற உத்தியோகம் மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை, அவர்களுக்கோ எழுத்து தெரிவதில்லை. எப்படியோ இரண்டு தரப்பும் ஒத்துப்போய் ஒரு கண்ணாடி தயாராகிவிடுகிறது.

சுற்றி வளைத்தது போதும். நீ போன தடவை வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன ஜூஸரைப் பற்றித்தான் எழுத வந்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிடாதே அம்மாடி. கடைசிவரை படி.

நீ ஊருக்குப் போன புதிதில் உன் அம்மா அதைத் தொடவே இல்லை. விருந்தாளியை நடத்துகிற மாதிரி துணி போட்டு மூடி, மூலையில் மரியாதையாக வைத்திருந்தாள். பிறகு சின்னவனின் பேன்ட் இடுப்பில் ஏற மறுத்தது. அவன் தொப்பைக்காக ஆரம்பித்ததுதான் எல்லாம். நீ போனில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, கீரை, வெள்ளரி, பச்சை ஆப்பிள், ஒரு துண்டு இஞ்சி, புதினா என்று எல்லாம் வாங்கி வந்தாள். முதல் நாள் எங்கள் மூன்று பேருக்கும் ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்கு வைத்துவிட்டு ஆட்டின் பாலை எனக்குக் கொடு என்றேன். வாயை மூடிக்கிட்டுக் குடிங்க என்றாள். வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்டதற்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆனால் அவள் அதைச் செய்கிற அழகை நீ பார்க்கவில்லை. நீ சொன்னது இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று மட்டும்தான். மிச்சமெல்லாம் அவளாகக் கண்டுபிடித்தது. கீரையை உப்புத் தண்ணீரில் அலசி, பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் கிள்ளி எறிந்து, மெல்லிய துணியில் பரப்பி ஈரம் போக உதறுவாள். தண்டையும் இலையையும் சேர்த்துப் போட்டால் நார் சிக்கிக்கொள்ளும் என்று இலையைச் சுருட்டி உள்ளே விட்டு, பின்னாலேயே வெள்ளரித் துண்டைப் போட்டுத் தள்ளுவாள். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிவாள். முன்னாலேயே பிழிந்தால் இஞ்சி முந்திக்கொள்ளுமாம். சக்கையைக்கூட வீணாக்காமல் மாடித் தொட்டிகளுக்குப் போட்டாள். கீழ்வீட்டு ஓட்டுநர் ஒருநாள் மாடிப்படியில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கும் ஒரு டம்ளர் விதிக்கப்பட்டது.

எனக்கு அந்த ருசி கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் அந்த நேரம் பிடித்தது. கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மா காலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் பம்பரமாகச் சுற்றுவாள். இந்தச் சாறு வந்த பிறகு, நான் பாதியைத் தொட்டியில் கொட்டிவிடுவேன் என்கிற சந்தேகத்தில், காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போவதற்காக எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அதனால் நான் வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன். ஊர்க்கதை, கடைக்கதை, உன் குழந்தை கதை எல்லாம் அப்போதுதான் பேசினோம். என் முகம் தெளிந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம். தெளிவுக்குக் காரணம் கீரை என்று நினைத்துக்கொண்டு சின்ன டம்ளரைப் பெரிய டம்ளராக்கினாள். அவள் எதிரில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் நல்ல வார்த்தை வருகிற காலத்தில் அதைக் கேலிக்குத்தான் செலவழித்தேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எனக்கு இதய வால்வு மாற்றியபோது, இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை என்றும், கீரையை மட்டும் அளவாகச் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டினால் மாத்திரை பலிக்காமல் போய்விடும் என்றும் டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். உன் அம்மாவுக்கு அளவாக என்ற பேச்சே கிடையாது. கீரையை என் தட்டிலிருந்தே ஒழித்துவிட்டாள். ஒருதடவை கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர் கையைத் தட்டிவிட்டு, "இவருக்குக் கீரை ஆகாதுங்க" என்று சொன்னாள். அந்த ஆள் கரண்டியோடு ஓடியே போனார். இரண்டு வருஷம் ஒரு இலைகூட என் தட்டில் விழவில்லை. அதே கையால் காலையில் ஒரு கட்டுக் கீரையைப் பிழிந்து கொடுத்திருக்கிறாள். அவள் மட்டுமா? குடித்த எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்று குடித்த சின்னவனுக்குத் தோன்றவில்லை. தினமும் போனில் "இன்னிக்கு எல்லாரும் குடிச்சாச்சா" என்று கேட்ட உனக்கும் தோன்றவில்லை. கீரை என்றால் எங்களுக்குத் தட்டில் வைப்பது. டம்ளரில் இருப்பது ஜூஸ். இந்த வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே மூளை, அதுவும் அன்று லீவு.

மூளைக்குப் போகிற குழாயில் இரத்தம் உறைந்து நான் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டாக்டர் கேட்டார், சமீபத்தில் கீரை ஏதாவது அதிகமாகச் சாப்பிட்டாரா என்று. உன் அம்மா நிமிர்ந்து நின்று, "தொடவே விடலைங்க டாக்டர், தட்டுல கண்ணால பாத்திருக்க மாட்டாரு" என்றாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு இருக்கும் பெருமை அவள் குரலில் இருந்தது. சரி, காலையில் என்ன குடிப்பார் என்று அவர் கேட்டார். அவள் அதே பெருமையோடு சொல்லத் தொடங்கினாள். வீட்டிலேயே நானே போட்டுத் தருகிறேன் டாக்டர், கலப்படம் எதுவும் கிடையாது, ஒரு கட்டுக் கீரை, என்றாள். வெள்ளரிக்கு அவள் வந்து சேரவே இல்லை. டாக்டர் நல்ல மனிதர், எதுவும் திட்டவில்லை, குறிப்பில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் என் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். அதற்குள் சின்னவன் உன்னிடம் எல்லாம் சொல்லியிருந்தான். உன் குரலைக் கேட்டால் எனக்குத் தெம்பு வரும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு என் காதருகில் வைத்தாள் உன் அம்மா. அவளோடு மட்டும்தான் பேசுகிறோம் என்று நினைத்து நீ சொன்னாய்: "உன்னாலதாம்மா அப்பா இப்படிக் கிடக்கிறாரு. டாக்டர் அவ்வளவு சொல்லியும் உனக்கு எப்படிம்மா தோணாமப் போச்சு."

அவள் போனை விலக்கவில்லை அம்மாடி. நீ அழுது முடிக்கிறவரை அப்படியே என் காதருகில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பாவுக்குக் கேட்டிச்சு, வச்சிடறேன் என்றாள். நான் பேச முயன்றேன். இல்லை, அவளைச் சொல்லாதே என்று சொல்லத்தான் பார்த்தேன். ஏதோ ஒரு சத்தம் வந்தது, எச்சில் வழிந்தது. எனக்குத் தாகம் என்று நினைத்து உன் அம்மா துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். கை விழுந்தது போகட்டும், கால் இழுப்பது போகட்டும். அந்த ஒரு நிமிஷம் என் நாக்கு எழும்பவில்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

உன் மேல் கோபமில்லை. அந்த ஜூஸரை வாங்கித் தந்தது நீ. உன்னையே திட்டிக்கொள்ள முடியாமல் அவளைத் திட்டினாய். தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அதற்கப்புறம் நீ கூப்பிட்டால் என்னிடம் பேசுகிறாய், தம்பியிடம் பேசுகிறாய், அம்மா எங்கே என்று கேட்பதில்லை. கேட்க வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிகிறது. கேட்கப் பிடிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். போன் அடித்ததும் என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள், காயாத துணியை எடுப்பதற்கு.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். ஜூஸர் பரணில் ஏறிவிட்டது. புதினாத் தொட்டியைக் கீழ்வீட்டு ஓட்டுநர் மனைவிக்குக் கொடுத்துவிட்டாள். சமையலில் மல்லித்தழை தூவலாமா என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். மாத்திரையின் அளவைச் சரிசெய்தாகிவிட்டது, தினமும் ஒரே அளவாகக் கொஞ்சம் கீரை சாப்பிடலாம், பயப்பட வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள் கேட்பதாயில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டால் வருகிறவர்களுக்கு மூச்சு மிச்சம் என்றான் சின்னவன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கஷ்டம், அவள் என்னோடு சண்டை போடுவதில்லை. சண்டை போடாத உன் அம்மாவை நீ பார்த்ததில்லை, பார்க்கச் சகிக்கவில்லை. ஈரத்துண்டை மெத்தை மேல் போட்டுப் பார்த்தேன். பேசாமல் எடுத்துக் கொடியில் போட்டாள். காபியை வேண்டுமென்றே சிந்தினேன். என் கைதான் நடுங்கிவிட்டது என்று நினைத்து மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு துடைத்தாள். காலையில் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உடனே போய்விடுகிறாள். எதிர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. எனக்கு ஏதோ ஒரு தண்டனை கொடுக்க வேண்டும் என்று கடவுள் நினைத்திருந்தால் இடது கை ஒன்றே போதும். இது அதிகம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அழுவாள், நீயும் அழுவாய், அவள் குற்றவாளி என்பது இன்னும் உறுதியாகிவிடும். என் உடம்பைப் பற்றியும் அவளிடம் விசாரிக்காதே. உன் குழந்தை பச்சையாக எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள் என்று தம்பியிடம் சொன்னாயாமே. காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. நான் எடுத்தால் என்னிடம் பேசாதே, அம்மாவிடம் கொடுங்கப்பா என்று சொல். என் பிள்ளைக்குச் சாறு போட்டுக் கொடுக்கணும், நீ எப்படிம்மா போடுவே என்று கேள். முதலில் அவள் பதில் சொல்ல மாட்டாள். விடாதே. தண்டையும் இலையையும் ஒன்றாகப் போட்டேன், நார் சிக்கி இயந்திரம் நின்றுவிட்டது என்று பொய் சொல். எலுமிச்சையை முதலிலேயே பிழிந்துவிட்டேன் என்று சொல்.

அதைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. இத்தனை வயசாகியும் உனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று ஆரம்பிப்பாள். நீ தப்பே செய்துகொண்டிரு. நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன். அவள் உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் அம்மாடி. அது என் காதில் விழ வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீ தீர்க்காயுசாக இரு.

உன் பதிலுக்கு இல்லை, உன் போனுக்குக் காத்திருக்கும்
அப்பா