மேசைமேல் ஒரு பல் செட்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்வார்கள், நீ ஒரு மேசை வாங்குவாய், மறுவாரமே அதில் கண்டதும் சேரும் என்று உன் அம்மா இருக்கும்போதே அடித்துச் சொன்னேன். என் அக்கா நம்பினாளா? இப்போது உன் மேசையில் பிளாஸ்டிக் டைனோசரும் அறுந்த செருப்பு வாரும் இருக்கிறதாம்! “உங்க மேசையில என்ன மாமா?” என்று கேட்டாயே, கேட்டுக்கொள்: கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முழுசாக ஒரு பல் செட்.

என்னுடையது இல்லை. எனக்கு எல்லாம் இரும்பு. ஒரு டாக்டர் எண்ணிப் பார்த்து முப்பத்துமூன்று என்றார். இது பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரருடையது. தினமும் சாயங்காலம் வருவார். எங்கள் வாய்ச்சண்டை சூடு பிடித்ததும் பல்லைக் கழற்றித் தம்ளரில் போடுவார். “யோவ் லிஃப்ட்டு, நீ புளுகுற வேகத்துக்குப் பல்ல வச்சுக்கிட்டு பதில் சொல்ல முடியாதுய்யா!” என்பார். பிறகு மறந்துவிட்டுப் போய்விடுவார்.

முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கிய,
உன் மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மீட்டிங் நடுவில் படித்துச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டில் இன்னொரு அறை சும்மா கிடக்கிறது. அம்மா போனதிலிருந்தே உங்களை இங்கே கூட்டிவர நினைக்கிறேன். பகல் முழுக்க நானும் சுவரும்தான். ஆனால் தினமும் வருகிறவரை விட்டுவிட்டு வருவீர்களா? முடியாதென்றால் பரவாயில்லை. ஆபீஸ் தோழி ஒருத்தி ஒன்றாம் தேதியிலிருந்து அறையைக் கேட்கிறாள். அதற்குள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

அன்பு மருமகளே,

நானா? நல்ல கதை! நான் கிளம்பினால் இந்தத் தெருவே ஓவென்று அழும். வாட்ச்காரர் கதி என்ன? நேற்றுக்கூட, “நீ போயிட்டா நான் யார்கிட்டய்யா மல்லுக்கு நிப்பேன்?” என்று கண் கலங்கினார். அறையைத் தோழிக்கே கொடு.

ஓய்வே இல்லாத,
உன் மாமா


மார்ச் 26

மருமகளே,

முந்தாநாள் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து தம்ளர் தண்ணீரை மாற்றினேன். அப்புறம் உட்கார முடியவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் எனக்குப் பெருமைதான் வருகிறது.

போன வருஷம் ஏப்ரலில் வாட்ச்காரரை அவர் மகன் தன்னோடு கூட்டிப்போய்விட்டான். அவசரத்தில் பல் இங்கேயே தங்கிவிட்டது. “பல்லு இல்லாம எத்தனை நாள் பாலையே குடிப்பாரு? ரெண்டே நாள்ல ஓடி வராரா இல்லையா பாருங்க” என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். “புதுசு கட்டியாச்சுய்யா. அதத் தூக்கிப் போடு” என்றார். நான் போடவில்லை.

சாவியை இன்னும் தோழியிடம் கொடுக்கவில்லையென்றால், கொடுக்காதே. கொடுத்துவிட்டாயென்றால் திருப்பிக் கேட்காதே, பாவம். இது ஒன்றாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்குமா, என்னால் சொல்ல முடியவில்லை.

தினமும் சாயங்காலம் வருகிறார் என்று எழுதினேனே, அது நானாகக் கட்டிவிட்ட கதை.

உன் மாமா