உண்டியலுக்குள் இருக்கும் நாற்பத்தெட்டு எண்கள்

அனுப்புநர்:
சு. ஆனந்தவள்ளி,
திருமண வீடியோ, ஆல்பம் நிலையம்,
கீழப்பாவூர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
அருள்மிகு சாரல்காத்த விநாயகர் திருக்கோயில்,
குற்றாலம் சாலை, தென்காசி.

பொருள்: உண்டியலில் விழுந்த கணினித் தாளிலுள்ள எண்களை வாசித்துக் காட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 24.11.2025. 2. தங்கள் பதில் கடிதம், நாள் 3.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனது பழைய கணினி ஒரு கல்யாண வீடியோவைத் திறப்பதற்குள் அடுத்த முகூர்த்தமே வந்துவிடும். ஆகவே 21.11.2025 அன்று புதிய தலைமுறை பிராசசர் வாங்கினேன். அது பழைய மதர்போர்டில் உட்காராது என்பதால் போர்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. வீடியோக்கள் உள்ள டிஸ்க் மட்டும் பழையது. அந்த டிஸ்க்கின் பூட்டு, பழைய போர்டிலுள்ள பாதுகாப்புச் சிப்புக்குத்தான் திறக்கும். புதிய போர்டில் மாட்டினால் நாற்பத்தெட்டு எண்கள் கேட்கும்.

2. கணினி மெக்கானிக் பாண்டி அந்த எண்களை முன்கூட்டியே ஒரு தாளில் அச்சிட்டுத் தந்து, "அக்கா, இந்தத் தாளு தொலைஞ்சிச்சின்னா சாமியே வந்தாலும் தெறக்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்றார். புதிதாக எது வாங்கினாலும் பில்லைச் சாமி பாதத்தில் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். அவர் இப்படிச் சொன்னதால் பில்லோடு அந்தத் தாளையும் மடித்து, தட்சிணை நோட்டையும் சேர்த்து அர்ச்சனைத் தட்டில் வைத்தேன்.

3. தட்டில் விழும் காணிக்கை எதுவானாலும் அக்கணமே உண்டியலில் சேர்க்க வேண்டும் என்று தாங்கள் சுவரில் ஒட்டியுள்ள சுற்றறிக்கையைக் குருக்கள் அப்படியே கடைப்பிடித்தார். எனக்குத் திருநீறும் பில்லும் திரும்பி வந்தன. பில் பெரிய தாள், உண்டியல் வாயில் நுழையவில்லை.

4. நான் கோயிலில் நின்ற நேரத்தில், சுரண்டை ஊர்க்காரர் ஒருவருக்கு நான் விற்றிருந்த பழைய போர்டைப் பாண்டி பொறுப்பாகத் துடைத்துவிட்டார். காலி செய்யும் வீட்டைப் பெருக்கிக் கொடுப்பதுபோல், ஃபர்ம்வேர் என்னும் உள் மென்பொருளைப் புதுப்பித்து, சிப்பின் நினைவையும் அழித்துக் கொடுத்திருக்கிறார். இனி அந்தப் போர்டாலும் டிஸ்க்கைத் திறக்க முடியாது. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் அலுவலர் அல்லர் என்பதால் அது இம்மனுவில் சேராது.

5. எனது முதல் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், "தாள் மனுதாரருடையதுதான் என்பதை உறுதிசெய்ய, அதிலுள்ள நாற்பத்தெட்டு எண்களையும் மனுவில் குறிப்பிடவும்" என்று கண்டுள்ளது. ஐயா, இதை நான் நான்கு முறை வாசித்தேன். அவை எனக்குத் தெரிந்திருந்தால் தங்களுக்கு நான் ஏன் மனு எழுதப் போகிறேன்?

6. குருக்கள் மனமிரங்கி, "சாமிகிட்டயே பூப்போட்டுக் கேட்டுரலாம்மா" என்றார். பூஜ்யமா, ஒன்றா, இரண்டா என்று ஒவ்வொரு எண்ணாகக் கேட்டோம். உச்சிகால பூஜைக்குள் ஆறு எண்கள் கிடைத்தன. ஆறாறாகச் சரிபார்க்கும் கணினி, அந்த ஆறையும் தட்டியவுடனே தவறு என்று சொல்லிவிட்டது. குருக்களுக்குக் கணினி மேல்தான் சந்தேகம்.

7. விஷயம் இதுதான். டிஸ்க்கில் இருப்பது, இன்னும் நகல் எடுத்துக் கொடுக்காத எங்கள் ஊர் மஞ்சுவின் கல்யாண வீடியோ. அவள் தகப்பனார், ஓய்வுபெற்ற ஏட்டு சிவனணைந்தபெருமாள், 29.11.2025 அன்று காலமானார். வரும் 14ஆம் தேதி பதினாறாம் நாள் படத்திறப்பு. போலீஸ் அடையாள அட்டை முதல் ரேஷன் அட்டை வரை அவர் எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. பார்ப்பவர்களையே விசாரிக்கிற முகம். ஆனால் கல்யாணத்தன்று குடத்துக்குள் மோதிரம் தேடிய மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் கழன்று உள்ளே விழ, ஏட்டையா பதினோரு விநாடி வாய்விட்டுச் சிரித்தார். கேமரா பிடித்தவள் நான். கேமரா கார்டில் இருந்ததை அழித்து அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டேன். என் தவறுதான், அதை மறைக்கவில்லை.

8. உண்டியல் மாசியில்தான் திறக்கப்படும் என்றும், உள்ளே விழுந்தது சாமிக்கே சொந்தம் என்றும் எழுதியுள்ளீர்கள். சரி, தாள் சாமிக்கே இருக்கட்டும். அதை நான் கேட்கவில்லை. 14ஆம் தேதிக்கு முன் விதிப்படி உண்டியலைத் திறந்து, தங்கள் பணியாளர் ஒருவர் எண்களை வாசித்தால் போதும். தாளைத் தொடாமல், தள்ளி நின்று எழுதிக்கொள்வேன்.

9. நேற்று ஏட்டையாவின் மனைவி வடிவம்மாள் கடைக்கு வந்து, இருட்டாக இருந்த கணினித் திரை முன் உட்கார்ந்தார். "அவுக சிரிச்சு நான் பாத்ததே இல்ல தாயி. அன்னைக்கும் பந்தியில பாயாசத்தப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்" என்றார். நான் என்ன பதில் சொல்வது என்று தாங்களே தெரிவிக்க வேண்டும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன். எண்களை வாசிப்பவர் சற்று நிதானமாக வாசிக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். வடிவம்மாளும் என்னோடு வருவார். ஒரு எண்ணும் விட்டுப்போகக் கூடாதென்று அவரும் எழுதிக்கொள்ளப் போகிறாராம்.

இடம்: கீழப்பாவூர்
நாள்: 5.12.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) சு. ஆனந்தவள்ளி

இணைப்பு: உண்டியலில் நுழையாத பில்லின் நகல் – 1