சிகப்பியின் கால் அளவு

காஜா பெராங், மலாக்கா
9-2-1958

அன்புள்ள அன்னபூரணிக்கு,

நான் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நம் சிகப்பி அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. மெர்டேக்கா என்று இங்கே சுதந்திரம் வந்த பிறகு படித்த பையன்கள் எல்லாரும் சர்க்கார் உத்தியோகமே கேட்கிறார்கள். எங்கள் ரப்பர் கம்பெனிக்கு ஆள் பிடிக்க மேனேஜர் என்னை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். டை கட்டிக்கொண்டு போய், வீடு தருவோம், சைக்கிள் தருவோம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு நீண்ட லீவு தருவோம் என்று அடுக்கினேன்.

ஒரு மாணவன் எழுந்து, "சார், நீங்க கடைசியா எப்ப ஊருக்குப் போனீங்க?" என்றான்.

"போன தீபாவளிக்குத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். உடனே ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

பெரிய கிராணி என்கிற தலைமைக் குமாஸ்தா வேலைக்கு ஆசைப்பட்டு இரண்டு முறை லீவை விட்டுக்கொடுத்தவன் நான். யாரைக் குறை சொல்ல?

அடுத்த மாதம் ஊருக்கு வரும் விநாயகத்திடம் சிகப்பிக்குச் செருப்பு கொடுத்தனுப்ப ஆசை. கடையில் அளவைக் கையால் காட்டினேன். "இது கைக்குழந்தை காலு சார்" என்று சிரித்தார்கள். அவளைக் காகிதத்தில் நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. கடைக்கு ஒன்று போதும். மற்றது என்னிடம் இருக்கட்டும்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள்.

சோலையப்பன்