முப்பத்தைந்து என்று எழுதிய டிரம்

என் பிரியமுள்ள அண்ணே,

இன்று பத்தாம் வகுப்பில் கரைசல் கணக்கு நடத்தினேன். முப்பத்தைந்து சதவீத வெளுப்பு மருந்தில் தண்ணீர் கலந்து, ஏழு சதவீதத்தில் நூறு லிட்டர் வேண்டும். மருந்து எத்தனை லிட்டர்? பிள்ளைகள் இருபது என்றார்கள். அன்றைக்கு இராஜபாளையம் மில்லில் நீயும் இருபதுதான் ஊற்றினாய்.

பேண்டேஜ் துணி வெளுக்கிற தொட்டி பொங்கி உன்மேல் கொட்டியது. மாலையோடு வந்த மேனேஜர், "கணக்குல கோட்டை விட்டுட்டாரும்மா" என்று அம்மாவிடம் சொன்னார். எட்டாவதோடு நின்றவன் என்றால் எதையும் சொல்லிவிடலாம், இல்லையா?

அம்மா அதை நம்பிவிட்டாள். பால்கோவா அடுப்பில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்ததும், உன் படத்தைப் பார்த்து வைவாள். "ஒரு கணக்கை ஒழுங்காப் போட ஏலலையால உனக்கு?"

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உன்னோடு வேலை பார்த்த செய்யது அண்ணனைப் பார்த்தேன். மில்லை விட்டு நின்றுவிட்டாராம். அதனால்தான் வாய் திறந்தார்.

"அன்னைக்கு வந்தது அம்பது சதவீதச் சரக்கும்மா. காலி டிரம்முல முப்பத்தஞ்சுன்னு எழுதியிருந்துச்சு. அதுலயே ஊத்தச் சொல்லிட்டாவ. உங்க அண்ணன்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

ஐம்பதில் இருபது லிட்டர் எடுத்தால் ஏழு வராது அண்ணே, பத்து வரும். அதனால்தான் தொட்டி பொங்கியது. நீ போட்ட கணக்கில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. உனக்குக் கொடுத்த எண்தான் பொய்.

அம்மாவுக்குச் சதவீதம் புரியாது. பாலை வைத்துச் சொன்னேன். "கெட்டிப் பாலுன்னு கேன்ல எழுதிட்டு, உள்ள தண்ணிப் பாலை ஊத்தி வச்சா, கோவா சரியா வருமா?"

"எப்படி வரும்? எழுதுனவனையில்லா கேக்கணும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இம்புட்டு நாளும் எம்புள்ளைய சும்மாவா வஞ்சேன்?"

உன்னைக் கொன்றது போதாதென்று, பெற்றவள் வாயாலேயே உன்னைத் திட்டவும் வைத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

திவசத்துக்கு அந்த மேனேஜர் வழக்கம்போல மாலையோடு வருவார். வாசலிலேயே நிறுத்துவேன். ஐம்பதையும் இருபதையும் கொடுத்து, அம்மா முன்னால் கணக்கைப் போடச் சொல்வேன். விடையை அவர் வாயால் சொல்லட்டும். அதுவரை அந்த மாலை உன் படத்தில் ஏறாது.

உன் கணக்கைத் திருத்திப் பார்த்து முழு மதிப்பெண் போட்ட
உன் தங்கச்சி