அந்தப் பெட்டியில் வந்தவன் யார், வேலு?

என் கண்ணான வேலு,

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. எனக்கு வாய் அப்படியே இருக்கிறது. வீராம்பட்டினத்தில் வேறு எதுவும் அப்படியே இல்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீனும் வாங்கமாட்டேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அந்த அக்கா உன் விஷயத்தில் மூடிய பெட்டியை மூடியபடியே வாங்கிக்கொண்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வலையில் வயிறு நிறையவில்லை என்று நீ கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் கூலி வேலைக்குப் போனாய். நடுக்கடலில் அது வெடித்து எரிந்ததைக் கரையிலிருந்தே பார்த்தோம். சில நாள் கழித்து ஒரு வேனில் இரண்டு சவப்பெட்டி வந்தது. ஒன்று நமக்கு, இன்னொன்று டவுனில் இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு. "பாக்குற நிலைமையில இல்ல, திறக்காதீங்க" என்றார் கூட வந்த கம்பெனிக்காரர். ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். அம்மா மட்டும், "புள்ளைய ஒருவாட்டி குளிப்பாட்டிக்கிறேனே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை, மூடியபடியே இடுகாட்டில் புதைத்துவிட்டோம்.

அப்புறம் எண்ணெய் வந்தது. கரையெல்லாம் கறுப்புக் கட்டி, வலையெல்லாம் தார். டவுன் மார்க்கெட்டில் என் எதிரில் நின்று மீனை மோந்து பார்த்துவிட்டு மறுபடி கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். நேற்றுவரை அக்கா அக்கா என்று பழகிய பெண்கள் அவர்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் மோந்துதான் பார்த்திருப்பேன். ஊருக்குள் இன்னும் மோசம். கம்பெனிக்காரனோடு யார் டீ குடித்தான், யார் வீட்டு வாசலில் ஜீப் நின்றது என்று ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். ஒரே படகில் போகிறவர்கள் முகம் பார்த்துப் பேசுவதை விட்டார்கள்.

ஏன் வெடித்தது என்று கேட்டதற்கு முதலில் இயந்திரக் கோளாறு என்றார்கள். பிறகு இயற்கை என்றார்கள். கடைசியில் மனிதத் தவறு என்று முடித்தார்கள். எந்த மனிதன் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் டீக்கடையில் மட்டும் பேச்சு எப்படியோ வந்து சேர்ந்தது: வேலுதான் வால்வை மூட மறந்துட்டானாம். உயிரோடு திரும்பியவர்களைப் பற்றி அப்படி ஒரு பேச்சும் வரவில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்தானே? அம்மா அன்றிலிருந்து தெருக்குழாய்ப் பக்கம் போவதில்லை.

இப்போது புது ரிக் வரப்போகிறதாம். கம்பெனியின் பெயர் வேறு, பெயின்ட் வேறு. அடுத்த வாரம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கு முன்னால் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு யார் யாரோ வருகிறார்கள். ஆடித் தேருக்குப் பந்தல் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். நேற்றுவரை அம்மன் இருக்கும் திசை தெரியாதவர்களுக்குத் திடீரென்று பக்தி எங்கிருந்து வந்தது?

அதனால்தான் காதர் பாய் என்று ஒருவர் வந்து நின்றபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வயசானவர், வெள்ளை வேட்டி, கையில் குடை. ரொம்ப நேரம் நின்றார், எதையும் வாங்கவில்லை.

"மீனு வேணுமா பாய்?"

"வேணாம்மா. நீங்க வேலுவோட அக்காதானே?"

"யாரு அனுப்புனாங்க உங்கள?"

"யாரும் அனுப்பல. அந்த வேன்ல நானும் ஒரு பெட்டி வாங்கினவன்."

அவர் மகன் அனீஸ் அந்த ரிக்கில் சமையல்காரன். உனக்குத் தெரிந்திருக்கும், அவன் கையால் சாப்பிட்டிருப்பாய். பாய் அங்கேயே காலி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"எங்க வழக்கத்துல குளிப்பாட்டாம அடக்கம் பண்ண மனசு ஒப்பாதும்மா. அதனால திறந்தோம். முகம் தெரியல, இடது பக்கக் காது மட்டும் தப்பிச்சிருந்துச்சு. ஆனா என் புள்ளைக்கு நாங்க காது குத்தல. அந்தப் புள்ளைக்குக் காது குத்தியிருந்துச்சு."

"ஊர்ல பாதி ஆம்பளைக்குக் காது குத்தியிருக்கு பாய்."

"இடது காதுல தையல் போட்ட தழும்பும்மா. மடல் கீழ லேசா பிளந்திருந்துச்சு."

என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சின்ன வயதில் தூண்டில் வீசப் பழகும்போது முள் மாட்டிக் கிழிந்த காது. முடியை இறக்கி விட்டு மறைத்தே வைத்திருப்பாய். போட்டோவில்கூடத் தெரியாது. இவருக்கு எப்படித் தெரியும்?

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று சத்தம் போட்டேன்.

"சொன்னா இதையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. என் வீட்டம்மாவுக்கு அழக்கூட ஒண்ணும் மிஞ்சாது. அவ இருந்தவரைக்கும் நான் வாயத் திறக்கல. போன மாசம் அவளும் போய்ச் சேந்துட்டா."

"உங்க புள்ள இல்லன்னு தெரிஞ்சுமா குளிப்பாட்டுனீங்க?"

"பாதியில எழுந்து வர முடியுமாம்மா? யாரோ பெத்த புள்ள. முழுசா குளிப்பாட்டி, துணி சுத்தி, தொழுதுட்டுத்தான் வெச்சேன்."

அவர் போனபிறகு எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கூட்டம் நெருங்கும் நேரத்தில் ஏன் வந்தார்? எனக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துவர யாராவது அனுப்பினார்களா? மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் டவுனுக்குப் போய் அவர் கடையில் நின்றேன். பழைய பை, சூட்கேஸ் தைக்கிற சின்னக் கடை. சுவரில் போட்டோவில் அனீஸ் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறான். கிட்டே போய்ப் பார்த்தேன். குத்தாத காது.

"கூட்டத்துல வந்து இதச் சொல்வீங்களா?" என்று கேட்டேன். பயந்துபோனார். "இந்துப் புள்ளைய நாங்க பொதைச்சோம்னு ஊர்ல வேற மாதிரி ஆக்கிடுவாங்கம்மா" என்றார். இதோ கழன்றுகொள்கிறார் என்று நினைத்தேன். ஊசியில் நூலை நுழைக்கப் பார்த்தார். கோக்க முடியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "வரேன்மா" என்றார். அந்த ஒரு மனிதரை நான் நம்புகிறேன், வேலு. வேறு யாரையும் இல்லை.

இனி அம்மாவிடம் மறைக்கமுடியாது. கூட்டத்தில் யார் வாயிலிருந்தோ கேட்பதைவிட என் வாயிலிருந்து கேட்கட்டும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். கத்துவாள், மயங்கி விழுவாள் என்று தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் முதலில் கேட்டது இதுதான்.

"அப்போ எம்புள்ளைய குளிப்பாட்டிட்டாங்களா?"

"ஆமாம்மா. அந்த பாயே குளிப்பாட்டுனாரு."

"நம்மகிட்ட இருக்குறது அவரு புள்ளையா?"

"அப்படித்தான் இருக்கும். நிச்சயமா சொல்ல முடியாது."

"அதுக்கு அம்மா இருக்காளா?"

"போன மாசம் செத்துட்டாங்க."

"பாவம். அப்ப நம்மகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சொம்பில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை.

நேற்று இடுகாட்டுக்கு பாயைக் கூட்டிப்போனேன். அவர் கையேந்தி நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை காலமும் உன்னைத் திட்டுகிறேன் என்று அங்கே நின்று நான் பேசியதையெல்லாம் ஒரு சமையல்காரப் பையன் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். சாயங்காலம் நீ கிடக்கும் கபர்ஸ்தான் மதிலுக்கு வெளியே நான் நின்றேன். பெண்கள் உள்ளே போக வழக்கமில்லையாம். பாய் உள்ளே போய் உன் இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். வேப்பமர நிழல், வேலு. நல்ல இடம்தான். ஆனால் எனக்கு முழு நிச்சயம் வேண்டும். தோண்டிப் பார்க்க பாய்க்கு மனசில்லை, அம்மாவுக்கும் இல்லை. அப்படியென்றால் பெட்டியில் பெயர் ஒட்டியவன்தான் வந்து சொல்லவேண்டும், என்ன பார்த்து ஒட்டினான் என்று.

அவர்கள் பந்தலே போடட்டும், மாலையே போடட்டும், கூட்டத்தில் முதல் வரிசையில் நானும் அம்மாவும் காதர் பாயும் உட்காரப்போகிறோம். மைக்கைக் கொடுக்காவிட்டால் பிடுங்கிக்கொள்வேன், என் கை உனக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன், பதில் வரும்வரை உட்காரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. கேள்வி இதுதான்: செத்துக் கிடந்தவர்களில் வேலு யார், அனீஸ் யார் என்று பிரிக்கத் தெரியாத உங்களுக்கு, அந்தத் தீயில் தப்புச் செய்தவன் என் தம்பிதான் என்று மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது?

உன்னைத் திட்ட இனி மதிலோரம் வரப்போகும்,
உன் அக்கா அஞ்சலை